பரணில் கிடக்கும் பாத்திரத்தைப் பந்திக்கு எடுப்பது எப்படி

ஆடிப் பண்டிகைக்குச் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வரும் சொந்தக்காரர்கள் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். அன்றைக்கு டிபன், காபி, வெற்றிலை எல்லாமே பழைய பாத்திரங்களில். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம், "எங்க வீட்டுப் பரண்லயும் ஒரு மூட்டை கெடக்குதுக்கா, என்ன பண்றது?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த மூட்டையை என்ன செய்வது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மாமனார் செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு புது எவர்சில்வர் கொடுப்பதுதான் பாதி வியாபாரம். பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், ஈயம் பூச வேண்டும், தூக்கினால் கை வலிக்கும். எவர்சில்வரில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நம்ம ஊர் இரும்பாலையிலேயே ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டத் தொடங்கிய 1980-கள் அது. தவலை, கூஜா, தூக்குவாளி எல்லாம் சாக்கில் வந்து இறங்கும். நசுக்கி உருக்குக்குப் போய்விடும். நசுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்ள மாமனார் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஒரே ஒரு கண்டிஷன்: "எதுக்குன்னு சொல்லிட்டு எடும்மா." அழகாக இருக்கிறது என்று சொன்னால் கிடைக்காது. மோர் ஊற்ற, பூ வைக்க, சுண்டல் போட என்று ஏதாவது ஒரு வேலை சொல்ல வேண்டும். அந்தக் கண்டிஷனை நான் இன்னும் விடவில்லை. விருந்து மேஜைக்கு வரும் எந்தப் பழைய சாமானுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை இல்லாதது அலமாரியிலேயே இருக்கட்டும்.

முதலில் பிரித்து வைப்பது

மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். செம்பு சிவப்பு, பித்தளை மஞ்சள். இது கண்ணுக்கே தெரியும். குழப்புவது வெண்கலம். பித்தளை செம்பும் துத்தநாகமும், வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் (டின்). விளிம்பில் விரலால் சுண்டினால் வெண்கலம் நீளமாக ரீங்கரிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலம் கெட்டிதான், ஆனால் கீழே போட்டால் விரிசல் விடும். சூடான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அதே கதி. வெள்ளி என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருப்பது ஜெர்மன் சில்வராக இருக்கலாம். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் இருக்கும், வெள்ளி துளிகூடக் கிடையாது. கரண்டியின் முதுகில் 'ஈ.பி.என்.எஸ்.' என்று ஆங்கில எழுத்து அடித்திருந்தால் அந்த நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம்.

ரசத்துக்கான ஈயச்சொம்பைத் தனியாக எடுத்து வையுங்கள். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. காரீயம் கலந்திருந்தால் உடம்புக்குக் கேடு, குழந்தைகளுக்கு இன்னும் கேடு. சொம்பின் அடியை வெள்ளைக் காகிதத்தில் இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். கோடு விழவில்லை என்றாலும் நான் அதோடு விடமாட்டேன். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர் இது, உலோகத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் டச் கடைக்குப் பஞ்சமில்லை. மெஷினில் வைத்தால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சீட்டு வந்துவிடும். காரீயத்தையும் காட்டுமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சந்தேகம் தீராத சொம்பில் செவ்வந்திப் பூ வைக்கலாம், ரசம் வேண்டாம்.

தேறிய சொம்பையும் வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் அடுப்பு அதைவிட எத்தனையோ மடங்கு சூடு. புளித்தண்ணீர் உள்ளே இருக்கிற வரைக்கும்தான் சொம்பு தப்பிக்கும். விருந்து நாளில் வேலைக் குழப்பம் வேறு இருக்கும். ரசத்தை எவர்சில்வரில் வைத்து, இறக்கின பிறகு சொம்பில் ஊற்றி மேஜைக்குக் கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

பித்தளைக்கு உள்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் ஈயப்பூச்சு, அதாவது வெள்ளீயப் பூச்சு, போய்விட்டது. சமைப்பதற்கோ, ஈரமான பதார்த்தம் பரிமாறுவதற்கோ அதை எடுக்க வேண்டும் என்றால் பூசித்தான் ஆக வேண்டும். பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பழைய பாத்திரக்கடைகளில் விசாரித்தால் ஆள் சொல்வார்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கரி அடுப்பில் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார். பதம் வந்ததும் நவச்சாரம் என்கிற உப்பை ஒரு சிட்டிகை வீசுவார், வெள்ளைப் புகை குப்பென்று மூக்கில் ஏறும். உடனே ஈயக் குச்சியால் உள்ளே ஒரு தொடு. உருகி ஓடுவதற்குள் பஞ்சை வைத்து ஒரே சுழற்று. மஞ்சள் அந்தச் சுழற்றிலேயே வெளுத்துக்கொண்டு போகும். மூலையில் பொட்டு மஞ்சள் விட்டுப்போயிருந்தால் அங்கேயே காட்டுங்கள், வீட்டுக்கு வந்தபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தேய்ப்பதற்குப் புளியும் கல்லுப்பும் போதும். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் அது முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும், அது விஷம். ஆனால் குத்துவிளக்கின் வரிகளுக்குள், தாம்பாளத்தின் வேலைப்பாட்டுக்குள் இருக்கும் கறுப்பை அழுக்கு என்று நினைக்க வேண்டாம், அதை விட்டுவிடுங்கள். அதையும் சுரண்டிப் பளபளவென்று ஆக்கிவிட்டால் நேற்று கடையில் வாங்கிய சாமானுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளிக்குத் திருநீறு, இல்லாவிட்டால் பட்டறைக்காரர்கள் செய்வதுபோலப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர். முலாம் பூசியதை அழுத்தித் தேய்த்தால் முலாம் போய் அடியில் இருக்கும் உலோகம் இளித்துவிடும். சேலத்து போர் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைக்கும். கடைசி அலசலுக்கு மேட்டூர்த் தண்ணீர் எடுத்து, உடனே துணியால் துடைத்து வெயிலில் கவிழ்த்துங்கள்.

எதில் எது போகலாம்

அழகைப் பார்த்து ஒரு பாத்திரத்தில் எதையாவது ஊற்றிவிடுகிறவர்கள் அதிகம். எலுமிச்சை, புளி, தயிர், தக்காளி, ஊறுகாய் இவை ஐந்தும் பூச்சில்லாத செம்பு, பித்தளை பக்கமே வரக் கூடாது. செம்புக் கூஜாவில் பானகம் கொடுப்பதைக் கல்யாண வீடுகளில் இப்போது ஸ்டைலாக்கிவிட்டார்கள். பானகத்தில் எலுமிச்சை பிழிகிறார்களே, செம்பு அதில் கரைந்து இறங்கும். வாய் கசக்கும், வயிறு புரட்டும். செம்பில் குடிதண்ணீர் வையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடி மாதத்துக் கூழும் அப்படித்தான். புளித்த கூழை மண் கலயத்தில் ஊற்றினால்தான் ருசியும், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் பக்கத்தில் வைத்தால் அதற்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

தயிர், மோர்க்குழம்பு, புளிக்குழம்புக்குக் கல்சட்டி. நாமக்கல் பக்கத்து மாக்கல்லில் கடைந்தது, புளிப்புக்கு அசைந்து கொடுக்காது. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், மேஜைக்கு வந்த பிறகும் சூடு நிற்கும். புதுக் கல்சட்டியைப் பழக்காமல் அடுப்பில் வைத்தால் வெடித்துவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றிப் பழக்கி, அப்புறம்தான் சின்னத் தீயில் ஏற்ற வேண்டும். அம்மாயி வீட்டுச் சட்டி உங்களிடம் இருந்தால் அந்த வேலை அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

வெண்கலத்தில் சர்க்கரைப் பொங்கல், சுண்டல். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூவை மிதக்கவிட்டு வாசலில் வைப்பது எனக்குப் பிடிக்காது. எந்த ஹோட்டல் ரிசப்ஷனிலும் அதுதான். கனமான வெண்கலப் பாத்திரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே செய்தார்கள், அதில் போய்ப் பச்சைத் தண்ணீரா? நெய் மினுங்க ஒரு உருளி பொங்கல் மேஜை நடுவில் இருக்கும்போது பூவைத் தேடிப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் அன்றைய கூட்டம் அதிகம் மொய்ப்பது தட்டுவடை செட்டைச் சுற்றித்தான். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: சின்னத் தட்டுவடை இரண்டு, நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. தெருவோரக் கடைக்காரர் கைவேகத்தில் அடுக்கிக் கொடுப்பதை வீட்டில் அவரவரே அடுக்கிக்கொள்ளும்படி வைப்பேன். அதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாத்திரம் பித்தளை அஞ்சறைப் பெட்டி. ஏழு கிண்ணம், நடுவில் கடுகு இருந்த இடத்தில் நொறுக்கிய முறுக்கு, சுற்றிலும் துருவல்களும் பொரியும் மல்லித்தழையும். சட்னி மட்டும் அதற்குள் போகாது. புளியும் எலுமிச்சையும் இருப்பதால் பக்கத்தில் சின்னக் கல்சட்டிகளில். துருவலின் ஈரம் பித்தளையில் படாமல் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அடியில் வட்டமாக வெட்டிய வாழையிலை. தட்டுவடையை மூங்கில் தட்டில் குவித்துவிடுவேன். மூடியைத் திறந்து வைத்தால் போதும், பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், பெரியவர்கள் வரிசையை உடைப்பார்கள்.

ஏற்காட்டுப் பீங்கான்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டு வந்தார். அதன் பின்னால் எஸ்டேட்டும் பங்களாவும் வந்தன, பங்களாவுக்குப் பின்னால் சீமையிலிருந்து சாப்பாட்டுத் தட்டும் கோப்பையும் வந்தன. கைமாறிய பங்களாக்களில் இருந்து அவை அவ்வப்போது மலையிறங்கிச் சேலத்துக்கு வரும். அடியைத் திருப்பினால் கொஞ்சம் வயசு தெரியும். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிச் சாமானில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுத வேண்டும் என்று வைத்த பிறகுதான் நாட்டுப் பெயர் அடிப்பது பரவலானது. ஜப்பானின் இன்னொரு பெயரான 'நிப்பான்' என்று இருந்தால் பொதுவாக 1891-க்கும் 1921-க்கும் நடுவில், 'ஜப்பான்' என்றால் அதற்குப் பிறகு. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952-க்குள். முத்திரையைப் போலியாகவும் அடிப்பார்கள் என்பதால் முத்திரைக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். வெள்ளையில் நீலமாக வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவை என்று ஒரு தட்டு வரும். பார்த்தால் சீனத்துப் படம், போட்டது 18-ம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கிலாந்துக்காரர்கள்.

விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, சொத்தென்றால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது. பழைய பீங்கானின் மினுக்கிலும் வண்ணத்திலும் காரீயம் இருக்கக்கூடும். மேலே வலைவலையாக வெடித்திருந்தால் நிச்சயமாகச் சாப்பாடு நேராகப் படக் கூடாது. அதற்கு நம்மிடம் ஒரு தீர்வு இருக்கிறது: வாழையிலை. தட்டின் உள்வட்ட அளவுக்கு இலையை வெட்டி விரித்துவிட்டால் விளிம்பு வேலைப்பாடு முழுக்கத் தெரியும், சாப்பாடு இலையில்தான் இருக்கும். உலர்ந்த பலகாரத்துக்கு இது தாராளம். எண்ணெயும் குழம்பும் வழிகிற சாப்பாட்டுக்கு இலையையே முழுசாகப் போட்டுவிடுங்கள். தங்கக்கோடு போட்ட கோப்பையை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

மேஜையில் வைப்பது

ஒரு மேஜைக்கு ஒரு உலோகம் என்று வைத்துக்கொள்வேன். பித்தளை என்றால் பித்தளை. கூடப் பீங்கானோ கல்லோ சேரலாம், செம்பும் வெள்ளியும் போட்டி போட வேண்டாம். மேஜை விரிப்பு வேண்டியதில்லை. மரம் நன்றாக இருந்தால் வெறும் மரம், இல்லாவிட்டால் கரை போட்ட பழைய வேட்டி. எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்கும் உயரத்துக்கு எதுவும் நிற்கக் கூடாது, குத்துவிளக்காக இருந்தாலும் சரி. அதற்குச் சுவரோரம் இடம் கொடுங்கள்.

பழைய படி, உழக்கு, ஆழாக்கு யார் வீட்டிலும் கிடக்கும். 1950-களின் கடைசியில் மெட்ரிக் அளவை வந்தபிறகு வேலை போனவை. படியில் கரண்டிகளை நிறுத்துங்கள். உழக்கில் மடித்த துணி. ஆழாக்கு வறுத்த வேர்க்கடலைக்கு ஒரு ஆள் அளவு, சரியாக இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் உடனே அரிசியை எடுத்து அளந்து பார்க்கக் கிளம்பிவிடுவார்கள், தடுக்காதீர்கள். தகர டப்பா, கோலி சோடா பாட்டில், மாட்டுமணி சேர்ப்பவர்கள் அவற்றை வரிசையாக அடுக்கிக் கண்காட்சி போட வேண்டாம். மணி ஒன்றை மேஜையில் வைத்தால் சாப்பிடக் கூப்பிட ஆட்டலாம். பாட்டிலில் ஏற்காட்டு சில்வர் ஓக் இலை ஒரு கொத்து நிற்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது டம்ளர்தான். அந்தக் காலத்தில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார்கள். உளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் டொக்டொக்கென்று புள்ளி புள்ளியாக. சீர் கொடுத்தவர் பெயர், இனிஷியல், சில சமயம் தேதி. பெரியவர்கள் போன பிறகு பாகம் பிரிக்கும்போது டம்ளர்கள் தாறுமாறாக எங்கெங்கோ போய்விடும். நான் சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். காபி கொடுக்கும்போது யாருக்கு எந்த டம்ளர் என்று பார்த்துத்தான் கொடுப்பேன். சின்ன மாமனாருக்கு அவர் அம்மா பேர் வெட்டியது. பெங்களூரில் வேலை பார்க்கும் பையனுக்கு அவன் பார்த்தே இராத கொள்ளுத்தாத்தாவின் இனிஷியல். "இது யாரு?" என்று அவன் கேட்டால் போதும், அந்தப் பக்கம் இருக்கிற இரண்டு அத்தைகள் ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பிப்பார்கள், இரண்டும் ஒத்துப்போகாது. உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பேர் இருந்தால் தேய்க்கிறவர்களிடம் அந்த இடத்தை மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பேர் தேய்ந்து போனால் அப்புறம் அது வெறும் டம்ளர்.

கடைசியில் வெற்றிலைப் பெட்டி. அலங்காரத்துக்கு மூடி வைக்காமல் பரமத்தி வேலூர் வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி உள்ளே வையுங்கள், சுண்ணாம்பு டப்பியில் உண்மையாகவே சுண்ணாம்பு, பாக்குவெட்டிக்குச் சாணை. வெட்டத் தெரிந்த ஒரு பெரியவரிடம் அதை ஒப்படைத்துவிட்டால் அந்த மூலை இரவு பத்து மணி வரை காலியாகாது.

வாங்குவதும் வைப்பதும்

பரணில் ஒன்றும் இல்லாதவர்கள் செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக்கடைகளில் மாற்றுக்கு வந்த சரக்கைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். காரைக்குடி போனால் முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள். அங்கே எனாமல் தட்டும் பீங்கானும் நிறைய, விலையும் அதற்கேற்ற மாதிரி. புதுப் பித்தளையை அமிலத்தில் முக்கிக் கறுப்பாக்கிப் பழசு என்று விற்பதும் உண்டு. தேய்மானத்தைப் பாருங்கள். பல வருஷம் புழங்கிய சொம்பு அடிவட்டத்திலும் கை பிடிக்கும் கழுத்திலும்தான் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் நம்பாதீர்கள். எனாமலில் உணவு படும் உள்பக்கம் சில்லு பெயர்ந்திருந்தால் வாங்காதீர்கள், விளிம்பில் என்றால் பரவாயில்லை. கோயில் சாமான் என்று யாராவது காட்டினால் விலை கேட்காமல் எழுந்து வாருங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1972-ம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது; அமெரிக்காவில் இருந்து வரும் மகளுக்குப் பாட்டியின் பழைய விளக்கைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஞாபகம் வையுங்கள்.

விருந்து முடிந்ததும் இவற்றை மற்றப் பாத்திரத்தோடு தொட்டியில் போடவிடாதீர்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் டப், கம்பி நார் கிடையாது, ஒவ்வொன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். தட்டுகளுக்கு நடுவில் துணி. கோப்பையைக் காதில் மாட்டித் தொங்கவிட்டால் ஒருநாள் காது மட்டும் கொக்கியில் இருக்கும். வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் அந்த இடம் கறுத்துவிடும். ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள், பனி ஈரம் உள்ளேயே நின்று களிம்பு பிடிக்கும். நன்றாகக் காயவைத்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் சரி.

அப்புறம், இரவல். ஒரு தடவை நன்றாகப் பந்தி வைத்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கே கேட்டு வருவார்கள். கொடுங்கள், ஆனால் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு கொடுங்கள்: என்ன பாத்திரம், யார் பேர் வெட்டியிருக்கிறது, எடை எவ்வளவு. எடை போடுவதைப் பார்த்துச் சில பேர் முகம் சுருங்கும். போன பாத்திரத்துக்குப் பதிலாக அதே அளவில் மெல்லிசான புதுசு திரும்பி வந்த கதை எங்கள் சொந்தத்திலேயே இருப்பதால் நான் தராசை எடுத்து முன்னாலேயே வைத்துவிடுவேன்.